கடற்கரை முதல் தாம்பரம் வரை – 9: ஏரிக்கரை ஸ்டேஷன்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது; அங்கே கரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதே நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று ஒரு குடியிருப்பு. பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். எந்த ஏரி என்று கேட்டால் யோசிப்பார். இந்தப் பெயர்கள் எல்லாம் தண்ணீர் விட்டுச்சென்ற தடங்கள். மாம்பலம் ஸ்டேஷனின் கதையை அந்தத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்ற இதழில் கோடம்பாக்கம் கேட்டில் காத்துக் கிடந்த வண்டிகளையும், 1965-ல் வந்த மேம்பாலத்தையும் பார்த்தோம். அங்கிருந்து ரயில் கிளம்பினால் சில நிமிடங்களில் மாம்பலம். பெட்டியில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு நகர்வார்கள். 1990-களில் குரோம்பேட்டையிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்கு நான் சீசன் டிக்கெட்டில் போய்வந்த காலத்தில், திரும்பும்போது உட்கார இடம் கிடைப்பது மாம்பலத்தில்தான். இறங்குகிறவர்கள் இறங்கி முடித்து, ஏறுகிறவர்கள் ஏறத் தொடங்குவதற்கு இடைப்பட்ட இரண்டு மூன்று நொடிக்குள் இடத்தைப் பிடிக்க வேண்டும். இந்த ஸ்டேஷனில் மட்டும் ஏன் இப்படி இத்தனை பேர் என்ற கேள்வி அப்போதே எனக்குள் விழுந்துவிட்டது. விடை தேடப் போனபோது ஏரி குறுக்கே வந்தது.

நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டை வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரி அது. வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி. இரண்டும் சேர்ந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். நம் வாயில் நெடிய ஏரி. வயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிதான். ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு அது படகு விடும் இடமாகவும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே துடுப்புப் படகுப் போட்டிகள் நடந்தன. இன்று பட்டுப்புடவைக் கடைகளின் விளக்கு வெளிச்சம் விழும் நிலத்தில் ஒரு காலத்தில் துடுப்பின் சத்தம் கேட்டிருக்கிறது.

ஏரியை ஒட்டி மாம்பலம் என்ற கிராமம். வில்வ மரங்கள் அடர்ந்த இடம், மகாவில்வம் என்ற பெயர்தான் மாம்பலமாகத் தேய்ந்தது என்று மேற்கு மாம்பலத்துக் காசி விஸ்வநாதர் கோயில் பக்கம் சொல்வார்கள். ஊரார் நம்பிக்கை அது. ஆங்கிலேயர் வாயில் அந்தப் பெயர் மார்மலாங் ஆனது. அடையாற்றின் மேல் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 1726-ல் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலத்துக்கு மார்மலாங் பாலம் என்றே பெயர். அதன் இடத்தில் புதுப் பாலம் வந்தபோது மறைமலை அடிகள் பெயரை வைத்தார்கள். மார்மலாங், மறைமலை என்று ஓசையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பாலத்தையும் கல்வெட்டையும் பற்றி எழுத நிறைய இருக்கிறது. அது சைதாப்பேட்டையின் சொத்து. அங்கே போகும்போது பார்ப்போம்.

ரயில் இந்தப் பக்கம் வந்தது 1870-களின் பிற்பாதியில். 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி, சென்னையிலிருந்து தெற்கே மீட்டர்கேஜ் பாதை போட்டுக்கொண்டே போனது. செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று அந்தப் பாதை நீண்டு தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துப் பாதைகளோடு சேர்ந்தது. தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிக் கொழும்பு சேரும் பயணிகளின் ரயிலும், 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடிக்குப் போன போட் மெயிலும் மாம்பலத்தைக் கடந்துதான் போயின. அவர்கள் ஜன்னலில் பார்த்த மாம்பலம் நீர், வரப்பு, மரம் ஆகியவைதான். ரயிலுக்கு அன்று மாம்பலத்தில் வேலை அதிகம் இல்லை.

வேலை வந்தது 1920-களில். நகரம் பிதுங்கத் தொடங்கியிருந்தது. ஜார்ஜ் டவுனில் ஒரே வீட்டில் பல குடும்பங்கள். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இடம் சுருங்கிவிட்டது. 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலுக்குப் பின் நீதிக்கட்சி மாகாண ஆட்சிக்கு வந்தது. மாநகராட்சியின் தலைமையில் பிட்டி தியாகராயச் செட்டியார். நெடிய ஏரியையும் அதைச் சுற்றிய நிலத்தையும் எடுத்துத் திட்டமிட்ட புது ஊர் ஒன்றை உண்டாக்குவது என்று முடிவானது. 1923 வாக்கில் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 1,600 ஏக்கர் என்பது திட்டத்தின் அளவு. நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து கிளம்பும் அகலச் சாலைகள், அவற்றுக்கு இடையில் மனைகள். 1925 ஏப்ரலில் தியாகராயர் காலமானார். ஊருக்கு அவர் பெயர் நிலைத்தது.

தியாகராய நகரின் தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் நீதிக்கட்சியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவது போல இருக்கும். பூங்கா, முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில். கட்சியைத் தொடங்கிய மூவரில் ஒருவரான நடேச முதலியாருக்கு ஒரு பூங்கா. இன்னொருவரான டாக்டர் டி.எம். நாயருக்கு ஒரு சாலை; இந்த ஊர் உருவாகும் முன்பே 1919-ல் லண்டனில் இறந்துபோனவர் அவர். மாநகராட்சித் தலைவராக இருந்த முகமது உஸ்மானின் பெயரில் உஸ்மான் சாலை. 1934-ல் சில மாதங்கள் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர் இவர். கோபதி நாராயணசாமிச் செட்டியார் ஜி.என். செட்டி ரோடாகச் சுருங்கினார். தணிகாசலம் செட்டியாருக்கு ஒரு சாலை. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் பெயரில் அமைந்த அங்காடி, ஜனங்கள் வாயில் பாண்டி பஜார் ஆனது. புதுச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதைப் பலருக்கு இன்றும் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

1930-ல் ஏரிக்கரையை வெட்டிவிட்டுத் தண்ணீரை வடித்தார்கள்.

1931-ல் மின்சார ரயில் ஓடியது.

இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நாளில்தான் மாம்பலம் எனக்குப் பிடிபட்டது. ஏரி போன மறு ஆண்டு ரயில் வந்து நிற்கிறது. மனைப் பிரிவும் மின்பாதையும் வேறு வேறு அலுவலகங்களில் தயாரானவை. ஒன்று மாநகராட்சியின் வேலை, மற்றது ரயில் கம்பெனியின் வேலை. ஆனால் ஒன்று இல்லாவிட்டால் மற்றது இவ்வளவு தூரம் எடுபட்டிருக்காது.

மின்சார ரயில் என்பது அன்று எவ்வளவு புதிது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தியாவில் முதல் மின்சார ரயில் பம்பாயில் 1925 பிப்ரவரியில் ஓடியது. அடுத்து அந்த வசதி கிடைத்த நகரம் சென்னை. கல்கத்தாவுக்கு அது கிடைக்க 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டிலேயே மீட்டர்கேஜில் மின்மயமான முதல் பாதையும் நம்முடையதுதான். 1931 ஏப்ரலில் ஆளுநர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி புறநகர்ப் பாதையைத் தொடங்கிவைத்தார். மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில்கள் முறையாக ஓடத் தொடங்கின. தலைக்கு மேலே கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம்.

நீராவி ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று கிளம்புவதென்றால் மூச்சு வாங்கும். வேகம் பிடிக்க நேரம் ஆகும். பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். கடைசி ஸ்டேஷனில் என்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி போட வேண்டும். மின்சார ரயிலில் மோட்டார் பெட்டியிலேயே இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் எடுக்கும். தாம்பரம் போய்ச் சேர்ந்ததும் ஓட்டுநர் இறங்கி நடந்து மறுமுனை அறைக்குப் போனால் போதும், ரயில் திரும்பிவிடும். ஒன்றரை இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் என்று வைத்து, அடிக்கடி ரயில் விட முடிந்தது இதனால்தான். புகை இல்லை என்பது மேல்வரும்படி. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இனி அந்த ஆபீஸ் போகிறவரின் கணக்கைப் பாருங்கள். கோட்டையில் செக்ரடேரியட். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். பாரிமுனையில் கம்பெனிகள், வங்கிகள், ஹைகோர்ட், ஜெனரல் போஸ்ட் ஆபீஸ். பீச் ஸ்டேஷனில் இறங்கலாம். பூங்கா ஸ்டேஷனில் இறங்கினால் பெரியாஸ்பத்திரியும் சென்ட்ரலும் எதிரே. எழும்பூரில் இறங்கினால் சொந்த ஊருக்குப் போகும் ரயில். ஒரு குமாஸ்தாவின் வாழ்க்கைக்கு வேண்டிய அத்தனை வாசல்களும் ஒரே பாதையில் இருந்தன. வாடகை மட்டும் குறைவாக ஒரு வீடு வேண்டும். அது மாம்பலத்தில் இருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் எழும்பூரில் இறங்கி, மின்சார ரயிலில் மாறி, மாம்பலத்தில் குடியேறினார்கள். சொந்த ஊரிலிருந்து புறப்பட்ட அதே தண்டவாளம்தான் வீட்டு வாசல் வரை வந்தது. ஊரிலிருந்து அப்பளக் கட்டும் அரிசி மூட்டையும் எடுத்து வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரயிலை நம்பி நிறுவனங்களும் வந்தன. நல்லி சின்னசாமிச் செட்டியார் 1928-லேயே இங்கே பட்டுக் கடை வைத்துவிட்டார். அவர் மின்சார ரயிலுக்கும் முந்தி. 1936-ல் தட்சிண பாரத் இந்தி பிரசார சபை தியாகராய நகருக்கு இடம் மாறியது. 1946 ஜனவரியில் காந்தி சென்னைக்கு வந்தபோது தங்கியது அந்த வளாகத்தில்தான். ராமகிருஷ்ண மிஷன் பள்ளிகள் வந்தன. பக்கத்தில் கோடம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளங்கள் பெருகியபோது, அங்கே பிழைத்தவர்களும் புகழ்பெற்றவர்களும் இங்கே வீடு பார்த்தார்கள்.

இது தண்டவாளத்துக்குக் கிழக்கே நடந்த கதை. மேற்கே நடந்தது வேறு.

நகரமைப்புத் திட்டத்தின் பூங்காவும் அகலச் சாலையும் ரயில் பாதையின் கிழக்கோடு நின்றுவிட்டன. மேற்கே பழைய மாம்பலம் கிராமம் தன் போக்கில் வளர்ந்தது. வயல் வரப்பு எப்படிப் போனதோ அப்படித் தெரு போனது. ஸ்டோர் வீடுகள் என்று சொல்லப்பட்ட வரிசைக் குடித்தனங்கள், பொதுக் கிணறு, பொதுக் கழிப்பறை. மழைத்தண்ணீருக்கும் சாக்கடைக்கும் ஒழுங்கான வடிகால் இல்லை. தேங்கிய தண்ணீரில் கொசு. மேற்கு மாம்பலம் என்றால் கொசு, யானைக்கால் நோய் என்று நகரமே பேசிய காலம் ஒன்று இருந்தது. பெண் கொடுக்கத் தயங்கினார்கள் என்றுகூடப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்க வரும் சுகாதார ஊழியர்கள் அந்தத் தெருக்களுக்குப் பழகிய முகங்கள். யானைக்கால் கிருமி இரவில்தான் ரத்த ஓட்டத்தில் மேலெழும்; பகலில் ஊசி குத்திப் பயன் இல்லை. ஊர் உறங்கியபின் கையில் விளக்கோடு வீடு வீடாகப் போன அவர்களுக்கு இந்த ஊரில் எங்கும் ஒரு நினைவுப் பலகை இல்லை. இருந்திருக்க வேண்டும்.

ஒரே ஸ்டேஷன், ஒரே டிக்கெட், ஒரே கட்டணம். கிழக்கு வாசலில் இறங்கினால் தி.நகர், மேற்கு வாசலில் இறங்கினால் மாம்பலம். தண்டவாளம் இந்த ஊரின் எல்லைச் சுவராகிப்போனது. அதற்கு ரயில் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். பாதை முதலில் வந்தது. ஊர்கள் பிறகு வந்தன. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று வரைபடத்தில் கோடு போட்டு நிறுத்தியவர்களிடம்தான் தவறு. சாதாரண மனிதர் வீடு கட்டும் பக்கத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனாலும் மேற்கு மாம்பலம் தன்னைத் தானே கட்டிக்கொண்டது. ஆரிய கௌடா ரோடும் அதில் அயோத்யா மண்டபமும், கோதண்டராமர் கோயிலும், தம்பையா ரோடும், போஸ்டல் காலனியும் சேர்ந்து அதற்கு ஒரு முகம் வந்தது. தனக்கான ஆஸ்பத்திரியைக்கூட அந்த ஊர் நன்கொடையில் எழுப்பிக்கொண்டது.

இரண்டு பக்கத்தையும் சேர்க்கத் தண்டவாளத்துக்கு அடியில் துரைசாமி சப்வேயும், இன்னும் தெற்கே அரங்கநாதன் சப்வேயும் இருக்கின்றன. நடந்து போகிறவர்களுக்கு ஸ்டேஷன் படிக்கட்டே பாலம். டிக்கெட் வாங்காமல் பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக் காய்கறி வாங்கித் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால், ரயில் ஏறுகிறவர்களின் எண்ணிக்கைக்கு அது சளைக்காது என்று நினைக்கிறேன்.

அந்தக் காய்கறியிலிருந்துதான் ரங்கநாதன் தெருவின் கதை வருகிறது. ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் தொடங்கி உஸ்மான் சாலையில் முடியும் தெரு. அரை கிலோமீட்டர்கூட நீளம் கிடையாது. அது முதலில் வீடுகள் இருந்த தெரு. திண்ணை வைத்த வீடுகள். மாலையில் ஆபீஸ் விட்டு வருகிறவர் ரயிலை விட்டு இறங்கி, உஸ்மான் சாலைக்குப் போகும் வழியில் கீரை வாங்குவார், பூ வாங்குவார். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து அதே ரயிலில் கூடையோடு வந்து இறங்கிய பெண்கள் அவற்றை விற்றார்கள். வாங்குகிறவரையும் விற்கிறவரையும் ஒரே ரயில் கொண்டுவந்து இறக்கியது. கடை வைக்க இதைவிட நல்ல இடம் எது? கூடைக்குப் பின்னால் தள்ளுவண்டி, தள்ளுவண்டிக்குப் பின்னால் பெட்டிக்கடை, அதற்குப் பின்னால் பாத்திரக்கடை. திண்ணைகள் ஒவ்வொன்றாகக் கடைப்பலகையாகின. நம் வீட்டு அலமாரிகளில் இருந்த லிப்கோ அகராதி இந்தத் தெரு முகவரியிலிருந்து வந்ததுதான். பாத்திரமும் துணியும் நகையும் பெரும் கட்டிடங்களுக்குள் போய் அடுக்குமாடிக் கடைகளானது பின்னால் வந்த தலைமுறையில். தென் மாவட்டங்களிலிருந்து வந்த வணிகர்கள் குறைந்த லாபம், நிறைய விற்பனை என்ற கணக்கில் அதைச் சாதித்தார்கள்.

இந்தத் தெருவைப் பற்றி எழுதுகிறவர்கள் கூட்டத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஒரு சாமானியக் குடும்பம் கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனையையும், குண்டூசி முதல் கூறைப்புடவை வரை, ரயிலில் வந்து இறங்கி, ஒரே நாளில், நடந்தே வாங்கிக்கொண்டு, ரயிலிலேயே வீடு திரும்பலாம். அரக்கோணத்துக்காரருக்கும் திண்டிவனத்துக்காரருக்கும் மாம்பலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததற்குக் காரணம் ரயில் கட்டணம். கார் வைத்திருப்பவருக்கு இந்தத் தெரு ஒரு தொல்லை. காரில்லாதவருக்காகவே வளர்ந்த சந்தை இது.

ரயில் பாதையின் மறுபாதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னிந்திய ரயில்வே கம்பெனியை 1944-ல் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-ல் அது தெற்கு ரயில்வேயில் கலந்தது. 1953-ல் சென்னையின் டிராம் நின்றுபோனபோது, தண்டவாளத்தில் ஓடும் நகரப் போக்குவரத்து என்று மிஞ்சியது மின்சார ரயில் மட்டும்தான். 1960-களில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை மின்மயமானபோது அங்கே 25,000 வோல்ட் மாறுமின்சாரம் போட்டார்கள். ஆகவே கொஞ்சக் காலம் தாம்பரத்துக்கு வடக்கே ஒரு மின்சாரம், தெற்கே வேறொரு மின்சாரம். 1967-ல் கடற்கரை வரை மாறுமின்சாரமாகியது. 1990-களில் அகலப்பாதை வந்தது. 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையும் 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையும் பல ஆண்டுகள் அருகருகே கிடந்தன. எந்தப் பிளாட்பாரத்தில் சின்ன ரயில், எதில் பெரிய ரயில் என்று தெரிந்துகொண்டு ஓட வேண்டும். சின்ன ரயிலில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தால் முழங்கால் முழங்காலை இடிக்கும். ஆட்டம் அதிகம். ஆனால் அந்த நெருக்கத்தில் உருவான சிநேகிதங்கள் பல இன்றும் நீடிக்கின்றன. என் சிநேகிதங்களும் அதில் சேர்த்தி. 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு மீட்டர்கேஜ் மின்சார ரயிலின் ஓட்டம் முடிந்தது. 73 ஆண்டுகள் ஓடியிருக்கிறது. 2025 ஏப்ரலில் இதே பாதையில் குளிர்சாதன மின்சார ரயில் வந்துவிட்டது.

இவ்வளவு மாறியபின்னும் மாறாதது தரையின் சரிவு. ஏரிக்குத் தண்ணீர் எந்தெந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கங்களிலிருந்து இன்றும் வருகிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய ஏரி நிலத்தில். அங்கிருந்து தி.நகர் வழியாக நந்தனம் போய் அடையாற்றில் விழும் மாம்பலம் கால்வாய்தான் அந்த நீருக்கு நாம் விட்டுவைத்த ஒரே வழி. அதையும் குறுக்கி, மூடி, மண்ணும் குப்பையும் சேரவிட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2021 நவம்பர் மழையிலும் தி.நகரின் தெருக்கள் நீரில் நின்றன. 2021-ல் ஜி.என். செட்டி ரோட்டிலும் சுற்றுப்புறத்திலும் மழை விட்டபின்னும் தண்ணீர் வடிய நாளானது. துரைசாமி சப்வேயும் அரங்கநாதன் சப்வேயும் ஒவ்வொரு பெருமழைக்கும் மூழ்குகின்றன. அப்போதெல்லாம் ஊரின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்பது ரயிலடிப் பாலம் ஒன்றுதான். அந்த நேரத்தில் அதன்மேல் நின்று கிழக்கே பார்த்தால், நூறு வருஷத்துக்கு முன் இங்கிருந்தவர் பார்த்ததில் ஒரு பங்காவது நமக்கும் தெரியும்.

2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. 570 மீட்டர் நீளம், செலவு ஏறத்தாழ 28 கோடி ரூபாய். வயதானவர்களும் குழந்தையைத் தூக்கியவர்களும் நெரிசலில் சிக்காமல் பஸ்ஸுக்குப் போக முடிகிறது. நல்ல வேலை; மனதாரச் சொல்கிறேன். பனகல் பூங்காவுக்கு அடியில் மெட்ரோ ரயில் நிலையத்துக்காகத் தோண்டியிருக்கிறார்கள். ஏரி நிலத்துக்கு மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை.

ஒரே ஒரு வேண்டுகோள் மிச்சமிருக்கிறது. மாம்பலம் ஸ்டேஷனின் கிழக்கு வாசலிலோ ஆகாய நடைபாதையிலோ நெடிய ஏரியின் பழைய வரைபடத்தைப் பெரிதாக வரைந்து வையுங்கள். எங்கிருந்து எங்குவரை தண்ணீர் இருந்தது, எந்த ஆண்டு கரையை வெட்டினோம், கால்வாய் இப்போது எந்தத் தெருவுக்கு அடியில் போகிறது என்று தமிழில் எழுதி வையுங்கள். தினமும் அவ்வழி போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் கால்வாயைத் தூர்வாரச் சொல்லிக் கேட்கும் உரிமை அதைப் படித்தவர்களுக்குத்தான் இயல்பாக வரும். அதற்குச் செலவு ஒரு கடைப் பலகைக்கு ஆகும் செலவைவிட அதிகமாகாது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மீட்டர்கேஜ் காலத்து மாம்பலம் ஸ்டேஷனின் புகைப்படமோ, பழைய சீசன் டிக்கெட்டோ, ரங்கநாதன் தெருவில் திண்ணை வீடு இருந்த காலத்துப் படமோ உங்கள் பெட்டியில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள். தொடர் முடிவதற்குள் அவற்றைச் சேர்த்து வெளியிடுவோம்.

அடுத்த இதழில் சைதாப்பேட்டை.